வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்

ஓசூர்த் தண்ணீருக்கு முடி கொட்டும், மேடம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் எல்லாருமே இதைச் சொல்வார்கள். ரேவதிக்கும் கொட்டியது. அதனால்தான் அவள் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தாள்.

நானும் அவளும் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாக ஒரே ஷிப்ட். மத்திகிரியில் ஒரே அறை. நான் சிங்காரப்பேட்டை, அவள் ராயக்கோட்டை. எண்ணெய்க்கு அடுத்து, தளிப் பக்கத்துத் தோட்டங்களில் கழித்துப்போடும் ரோஜாவை வாங்கி வந்து முகத்துக்கு க்ரீம் செய்தாள். நன்றாகவே இருக்கும். எங்கள் லைனில் பாதிப் பேர் அதைத்தான் போட்டார்கள். பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூபதியிடம் சொல்லி வெப்சைட்டும் போட்டாள். அந்த வெப்சைட் கடைக்குத் தன் அம்மா பெயரையே வைத்தாள், சம்பங்கி என்று.

ஆர்டர் நிலையாக வர ஆரம்பித்தால் வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் வீடு பிடிக்கப்போவதாகச் சொன்னாள். "நீயும் வந்துடுடி, ரெண்டு பேருமா பாத்துக்கலாம்" என்றாள். ஆறு வருடம் ஒன்றாக இருந்தவளிடம் மரியாதைக்கு அப்படித்தானே சொல்லமுடியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தாள். முதலில் அதிலிருந்த போன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றினேன். பிறகு, எந்த ஊர் பின்கோடு போட்டாலும் 'உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை' என்று வரும்படி செய்தேன். தன் கடையில் தானே வாங்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ரேவதி போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். "இன்னிக்கு நூத்திநாப்பது பேரு வந்திருக்காங்க. வர்றாங்க, பாக்கறாங்க, போயிடறாங்க. ஒருத்தர்கூட ஏன்டி வாங்கல?"

"பூபதி ஒழுங்கா செஞ்சானான்னு பாரு" என்றேன்.

அதிலிருந்து அவளுக்கு அவர்மேல் சந்தேகம். ஆர்டரை வேறு யாருக்கோ தள்ளிவிடுகிறார் என்று நினைத்தாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போய்ச் சண்டை பிடித்தாள். அவர் கோபப்படாமல் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"நான் போட்டது வேறங்க. யாரோ உள்ள போயி மாத்திருக்காங்க. மொதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க."

ரேவதியும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும் நேரத்தில், "நீ யாருக்காச்சும் பாஸ்வேர்டு சொன்னியா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றேன். அது உண்மைதான், நான் யாருக்கும் சொல்லவில்லை.

புது பாஸ்வேர்டை அவள் எனக்குச் சொல்லவில்லை. வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. பூபதி எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்து கொடுத்ததும் அந்த வாரமே பதினொரு ஆர்டர் வந்தது. கம்பெனியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் முகத்திலேயே க்ரீமைப் போட்டுக் காட்டி வீடியோ எடுக்கவேண்டும் என்று ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்தாள்.

எங்கள் லைனில் பிசின் துடைக்க ஒரு திரவம் வைத்திருப்பார்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதைத்தான் கலந்தேன். அந்த ஒரு டப்பாவில் மட்டும். ஆர்டருக்கு அனுப்ப வைத்திருந்த பதினொன்றையும் நான் தொடவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வராது.

வீடியோவை நான்தான் எடுத்தேன். இரண்டு கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் தடவிக்கொண்டாள். கத்தியதும் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். அந்த டப்பாவைப் பூபதி கொடுத்ததாக முதலில் உங்களிடம் சொன்னது தவறு. அவரை விட்டுவிடுங்கள்.

முகம் கொஞ்சம் மாறினால் வெளியே போகும் ஆசை குறையும் என்று நினைத்தேன். வலது கண்வரை போகும் என்று நினைக்கவில்லை. ஆனால் கிருஷ்ணகிரிப் பேச்சை அவள் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

என் பேரில் வந்திருக்கும் புகாரில் ரேவதியின் கையெழுத்து இருப்பதாகச் சொல்கிறீர்கள். கண்ணைக் கட்டியிருக்கும்போது எதைச் சொல்லியும் கையெழுத்து வாங்கிவிடலாம், மேடம். அவளாகப் போட்டிருக்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் இந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு ஊட்டியது நான். வேறு யார் கொடுத்தாலும் வாய் திறக்கமாட்டாள். சீக்கிரம் எழுதி முடித்தீர்களானால் அவளுடைய மதியச் சாப்பாட்டுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன்.