இல்லாத லாரிக்குக் கட்டிய தவணை

சுழலும் சக்கரங்களையே சோறாக்கிக்கொண்ட சூலூர் வட்டாரத்து லாரிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைமை ஏற்று, எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் சம்பளமும், சம்பளத்தைவிடத் தாராளமாகத் திட்டும் தந்த என் முதலாளி அரங்கசாமி அண்ணன் அவர்களே! முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வண்டி கிளம்பும்போது வாசலில் நின்றுவிட்டு, வண்டி திரும்பும்வரை போனைக் கையிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே! பந்தி எப்போது போடுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் என் ஓட்டுநர் தோழர்களே! மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு நீலப் பையோடு, நான் என்ன உளறப் போகிறேனோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி மெர்சி அவர்களே! அனைவருக்கும் இந்த வின்ஸ்டனின் வணக்கம்.

இருங்க, இருங்க. அதுக்குள்ள கை தட்டாதீங்க. இன்னும் நான் ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த மண்டபத்துக்குள் வரும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாசலில் ஒரு பத்துச் சக்கர லாரி, மாலை போட்டு, நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது. எட்டு ஆண்டுகள் நான் ஓட்டிய வண்டி. கோவையிலிருந்து இந்தூருக்குப் பம்பு மோட்டார், திரும்பி வரும்போது நாசிக் வெங்காயம் என்று, எத்தனை வெயில், எத்தனை மழை, எத்தனை செக்போஸ்ட்! அதன் ஹாரன் கேட்டால் என் மகள் ஷைலா தெருமுனைக்கு ஓடி வருவாள். அதன் சாவி இதோ, அண்ணன் முன்னால், வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. நான் இன்று அதை எடுத்துக்கொண்டால் வண்டி எனது. எடுக்காவிட்டால் நாளைக் காலை நாமக்கல்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இதுதான் பேச்சு. இதற்குத்தான் எனக்கு மைக் கொடுத்திருக்கிறார்கள்.

எடுப்பேனா, எடுக்க மாட்டேனா? சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இதே மண்டபம். இதே சங்க விழா. இதே அரங்கசாமி அண்ணன் இதே இடத்தில் நின்று, "எனக்கு வயசாச்சுங்க, பையன் பெங்களூர்ல இருக்கறான், வண்டிக எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கொடுத்தர்றேன். வின்ஸ்டனுக்கு வேணும்னா பதிமூணு லட்சம், மூணு லட்சம் முன்பணம், பாக்கிக்கு பைனான்ஸ்" என்றார். நான் என்ன செய்தேன்? யோசித்தேனா? கணக்குப் போட்டேனா? கட்டியவளைக் கேட்டேனா? கேட்கவில்லை, ஐயா, கேட்கவில்லை! அண்ணனைக் கட்டிப்பிடித்தேன். என் தோழர்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். நேராகத் திருச்சி ரோட்டில் ஸ்டிக்கர் கடைக்குப் போய், முன்கண்ணாடிக்கு "ஷைலா" என்று சிவப்பு ரேடியத்தில் வெட்டச் சொல்லி, காசு கொடுத்து, கையோடு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்! வண்டிக்கு முன்பணம் கட்டவில்லை. வண்டியின் பெயருக்குக் கட்டிவிட்டேன்.

சிரிக்கறீங்க. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம்? ஆங், அங்க ஒருத்தர் தலையைக் குனியறாரு பாருங்க!

வீட்டில் மெர்சி ஸ்டிக்கரைப் பார்த்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாகச் செக்கிங் பார்ப்பவர். ஒரு தையல் விட்டிருந்தால்கூட அந்தக் கண்ணுக்குத் தப்பாது. "எவ்வளவு மிச்சமாகும்?" என்றார். நான் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் வாடகை இரண்டரை லட்சம். டீசல் ஒன்றேகால் லட்சம். டோல் இருபத்தைந்தாயிரம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி பன்னிரண்டாயிரம். தவணை முப்பத்தெட்டாயிரம். மிச்சம்? ஐம்பதாயிரம்! முழுசாக ஐம்பதாயிரம்! நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"டிரைவர் சம்பளம் எங்கீங்க?" என்றார் மெர்சி.

"நான்தானே டிரைவரு!"

"அப்ப எங்களுக்கு யாரு சோறு போடறது? லாரியா?"

தோழர்களே, ஓட்டுநராக இருந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது! பதினாறு ஆண்டுகள் வாடகைப் பணத்தை என் கையால் எண்ணி வாங்கி முதலாளி கையில் கொடுத்திருக்கிறேன். வாங்கிய பணம் எனக்குத் தெரியும். அண்ணன் எழுதிய டயர் பில் எனக்குத் தெரியுமா? இன்சூரன்ஸ் கட்டும் வாரத்தில் அவர் ஏன் யாரோடும் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியுமா? வண்டியைத் தெரியும், வண்டிக்காரனைத் தெரியாது. மெர்சி என் சம்பளம் முப்பதாயிரத்தைக் கழித்தார். டயர் தேய்மானத்துக்கு மாதம் பன்னிரண்டு. இன்சூரன்ஸ், வரி, வண்டித் தகுதிக்கான எஃப்.சி. எல்லாம் சேர்த்து மாதம் பத்து. நான் ஐம்பதாயிரம் மிச்சம் என்றேன். அவர் கணக்கில் இரண்டாயிரம் துண்டு விழுந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "நான் முன்னுக்கு வர்றது உனக்குப் புடிக்கலையா?" என்று கத்திவிட்டேன். இந்த மேடையில் சொல்கிறேன்: கத்தியது தப்பு. மெர்சி கத்தவில்லை. ஸ்டிக்கரைச் சுருட்டிப் பீரோவில் வைத்தார். ஷைலாவின் பழைய லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்தார். "ஏனுங்க, ஒரு வருசம் வண்டி இல்லாமயே வண்டி ஓட்டிப் பாருங்க. நீங்க போற ஒவ்வொரு ட்ரிப்பையும் நம்ம வண்டின்னு வெச்சு எழுதலாம். வருசக் கடைசியில நோட்டு தாங்கினா நாமளும் தாங்குவோம்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் காகித லாரி!

அண்ணனிடம் போய் ஒரு வருடம் பொறுங்கள் என்றேன். "கணக்கு நோட்டுல லாரி ஓட்டறயா? போப்பா, போ, வேற ஆளு வந்தா கொடுத்துப்போடுவேன்" என்றார். சொன்னீங்களா இல்லையா, அண்ணா? தலையாட்டுகிறார். சொன்னார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனிகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருவோம். மெர்சி இஞ்சி டீ போடுவார். நான் வாடகைச் சீட்டு, டீசல் பில், டோல் ரசீது எல்லாவற்றையும் சட்டைப் பையிலிருந்து கொட்டுவேன். அவர் எழுதுவார். ஷைலாதான் பைனான்ஸ் கம்பெனி! ஒன்பதாம் வகுப்புப் பெண், மாதம் ஐந்தாம் தேதியானால் குரலை மாற்றிக்கொண்டு, "சார், ட்யூ டேட்டுங்க, மறந்துராதீங்க" என்பாள். பதினாறு ஆண்டுத் திருமண வாழ்வில் நானும் என் மனைவியும் அவ்வளவு பேசியதில்லை. நான்தான் எப்போதும் ரோட்டில் இருந்தேனே, எங்கே பேசுவது?

ஒரு நாள் ஓசூரில் லோடு இறக்க வரிசையில் நிற்கிறேன். மெர்சி போன் செய்கிறார். "ஏனுங்க, நம்ம வண்டி முன் டயர் வெடிச்சுப்போச்சுங்க. ரெண்டு டயர் மாத்தோணும். ஐம்பதாயிரம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கி ஓடிப்போய் டயரைப் பார்க்கிறேன், டயர் நன்றாக இருக்கிறது! அப்புறம்தான் விளங்கியது, வெடித்தது காகித டயர் என்று.

நான் சட்டென்று என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, அண்ணங்கிட்ட அட்வான்ஸ் கேட்டுப் பார்க்கறேன்."

மெர்சி மெதுவாகச் சொன்னார்: "இப்ப நீங்கதானுங்க முதலாளி. நீங்க யாருகிட்டக் கேப்பீங்க?"

ஐயா, பதினாறு ஆண்டுகள், வண்டிக்கு எது நேர்ந்தாலும் என் கை தானாக அண்ணன் நம்பரைத்தான் தேடும். அண்ணன் யார் நம்பரைத் தேடினார்? அன்றுவரை நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. யோசித்ததே இல்லை. அன்று ஓசூரில் நின்றுகொண்டு யோசித்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பிஸ்கட் டின். மெர்சி பஞ்சர் என்றால் பஞ்சர்க் காசு, பிரேக் லைனிங் என்றால் பிரேக் லைனிங் காசு, காகிதத்தில் எழுதிவிட்டு நிஜப் பணத்தை அந்த டின்னில் போட வேண்டும். டீக்கடையில் வடையை விட்டேன். புதுப் போன் வாங்கும் ஆசையை விட்டேன். மெர்சி ஞாயிறு ஓவர்டைம் பார்த்தார். அதுதான் எனக்கு வலித்தது. கேட்டால், "நம்ம வண்டிக்குத்தானுங்களே" என்பார். இல்லாத வண்டிக்கு!

ஒன்பதாவது மாதம் எனக்கு டெங்கு. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டில் கிடந்து, இருபது நாள். அண்ணனுடைய நிஜ லாரி வேறு டிரைவரோடு போனது. எங்கள் காகித லாரி? நின்றது! டிரைவர் படுத்துவிட்டால் வண்டி படுத்துவிடும், ஆனால் தவணை படுக்குமா? எஃப்.சி. படுக்குமா? அடுத்த மாதம் மழையால் லோடு குறைவு. அதற்கடுத்த மாதம் இந்தூரில் திரும்பு லோடு கிடைக்காமல் ஆறு நாள் காத்துக் கிடந்தேன். நோட்டில் மூன்று தவணை சிவப்பு மையில் நின்றது.

ஐந்தாம் தேதி ஷைலா வந்தாள். சிரிக்கவில்லை. "சார், மூணு ட்யூ நிக்குதுங்க. வண்டியை எடுக்கறோம்." நோட்டை என் மடியிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இல்லாத லாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

நான் சாப்பிடவில்லை. சொன்னால் வெட்கம், அழுதேன். இல்லாத வண்டிக்கு ஒருவன் அழுவானா? நான் அழுதேன். மெர்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நோட்டுதானுங்க போச்சு. வீடு இருக்குது. எம்பட கம்மல் காதுல இருக்குது. ஷைலா ஸ்கூலுக்குப் போறா. எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றார். அந்த இட்லியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நிஜ வண்டியாக இருந்திருந்தால்? அந்த மூன்றில் எது மிஞ்சியிருக்கும்? சொல்லுங்கள் தாய்மார்களே, எது மிஞ்சியிருக்கும்?

மறுவாரம் புது நோட்டு. மறுபடியும் முதலிலிருந்து! இரண்டாவது வருடம் நான் வேறு ஆள். திரும்பு லோடுக்கு முன்கூட்டியே பேசிவைக்கக் கற்றேன். டயரில் காற்றைத் தினமும் பார்க்கக் கற்றேன். அண்ணன் இன்சூரன்ஸ் வாரத்தில் பேசாமல் இருந்தால், "டீ சாப்பிடறீங்களாண்ணா?" என்று கேட்கவும் கற்றேன். இதற்கிடையில் அந்த நாமக்கல்காரர் இரண்டு முறை வந்து வண்டியை விலை கேட்டார். இரண்டு முறையும் அண்ணன், "வண்டிக்குக் கொஞ்சம் வேலை இருக்குதுங்க, பொறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். வண்டிக்கு ஒரு வேலையும் இல்லை என்று வண்டியை ஓட்டிய எனக்குத் தெரியாதா, அண்ணா? அந்த நன்றியை நான் எப்படிச் சொல்வேன்! ஆனால் அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? இன்றோடு சரி என்று சொல்லிவிட்டார். சொன்னது நியாயம்.

இப்போது கணக்கு என்ன? வண்டிக்கு இரண்டு வயது கூடியது, விலை பத்து லட்சத்துக்கு இறங்கியது. இரண்டு வருடச் சேமிப்பில் எங்கள் முன்பணம் நான்கு லட்சத்துக்கு ஏறியது. தவணை முப்பத்தெட்டிலிருந்து இருபத்துமூன்றாயிரமாயிற்று. என் சம்பளம் போக, டயர் போக, எல்லாம் போக, மாதம் பதிமூன்றாயிரம் மிச்சம். நான் படுத்துவிட்டால்கூட ஆறு மாதத் தவணை பேங்கில் தனியாக இருக்கிறது. இரண்டாவது நோட்டில் பன்னிரண்டு மாதமும் நீல மை!

அப்படியானால் சாவியை எடுக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். எடுக்கத்தான் எழுந்தேன். ஆனால் எடுக்கச் சொல்ல வேண்டியது நானல்ல. நோட்டு எழுதியவர் சொல்ல வேண்டும்.

மெர்சி, எந்திரிங்க. மைக்கை அந்தம்மாகிட்டக் கொடுங்கப்பா. என்ன, மைக் வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்க. தாய்மார்களே, கொஞ்சம் அமைதி.

கேட்டுச்சுங்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். "ஏனுங்க, நம்ம வண்டி முன் டயர் வெடிச்சுப்போச்சுங்க. ரெண்டு டயர் மாத்தோணும்" என்கிறார்.

சிரிக்காதீங்க. யாரும் சிரிக்காதீங்க.

என் வலப்பக்கம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் நான் இந்நேரம் அந்தப் பக்கம் திரும்பியிருப்பேன். இன்று திரும்பவில்லை, பாருங்கள். இதோ, என் சட்டைப் பை. இதோ, அந்த பிஸ்கட் டின் பணம், ஐம்பதாயிரம், ஒரே கட்டு. மெர்சி, டயர் மாத்தியாச்சு!

அந்த நீலப் பையைத் திறங்க. சுருட்டி வைத்த அந்த ஸ்டிக்கர் அதில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

அண்ணா, இப்போது சாவியைக் கொடுங்கள். என் கையில் வேண்டாம். மூன்றாவது வரிசைக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.

என்னைப் பொறுத்துக்கொண்டு, எனக்காகக் காத்து, என் அழுகையையும் கேட்டு அமர்ந்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. பந்திக்குப் போகும் முன் ஒரு நிமிடம் வாசலுக்கு வாருங்கள். முன்கண்ணாடியில் ஷைலா தன் பெயரைத் தன் கையால் ஒட்டப் போகிறாள். உங்கள் வண்டி எல்லாம் நல்லபடி போய் நல்லபடி வரட்டும். வாரேனுங்க, வணக்கம்!