கடைசி அத்தியாயத்தைக் காத்தவருக்கு

எழுத்தை எடைபோட்டு, ஏட்டுக்கு எழில்கூட்டி, எவர் முன்னும் வளையாத எழுதுகோலோடு எங்கள் பதிப்பகத்தில் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா அவர்களே!

வணக்கம். உண்மையில் இது எங்கள் இரண்டாவது மடல். முதல் மடலில் தங்களை 'இல்லற விளக்கே, பொறுமையில் பூமியே, தாய்மையின் தடாகமே' என்று விளித்திருந்தோம். பெண் ஒருவர் ஓய்வுபெற்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்கள் கைக்குப் பழக்கம். ஆனால் தங்கள் பார்வை படாமல் இங்கே ஒரு தாளும் அச்சேறாது என்பதும் பழக்கமாயிற்றே! மெய்ப்புத் திருத்துநர் வழக்கம்போல் அதையும் தங்கள் மேஜையில் வைத்துவிட்டார். சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. "இது யாரைப் பத்தி எழுதினது? எனக்கு இந்தம்மாவத் தெரியாதே" என்றீர்கள். அசடு வழிந்தோம்.

பொறுமை தங்களிடம் எள்ளளவும் கிடையாது. தொலைபேசியில் பேசும்போதும் நடந்துகொண்டே இருப்பவர் தாங்கள். இப்போதும் பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தவிப்புக்குக் காரணம் இந்த அரங்கில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்காததால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

பெண்ணை நாயகியாகக் கொண்ட நாவல் வந்தால், அதன் கடைசி அத்தியாயம் மட்டும் முதலாளியின் அறைக்குப் போவது இவ்விடத்து வழக்கம். உள்ளே போகும்போது வீட்டைவிட்டு வெளியேறியிருந்தவள், வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களையில் நிற்பாள். படித்தவள், பாடியவள், பட்டறை நடத்தியவள், அத்தனை பேருக்கும் அடுக்களைதான். எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியும் மாறக் கூடாதென்று மல்லுக்கு நின்று அந்த வழக்கத்தை வழிமறித்தீர்கள். பிடிவாதக்காரி என்று பட்டமும் வாங்கினீர்கள்.

இப்போது செவிலி ஒருவர் எழுதிய நாவல் தங்கள் மேஜையில் இருக்கிறது. அதன் நாயகி கணவன் வீட்டைவிட்டு வேற்றூர் போய், வாடகைக்கு அறை எடுத்து, கதவைத் தாழிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறாள். அவ்வளவுதான் முடிவு. "கடைசியில அவ வீடு திரும்பிட்டா போதும்மா" என்றார் முதலாளி. "திரும்புற மாதிரி இருந்தா அவ கிளம்பியிருக்கவே மாட்டா சார்" என்றீர்கள். நாளை தாங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அத்தியாயம் அந்த அறைக்குள் போய்விடும். அதை நினைத்துத்தான் தங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்களுக்கும் பயம்தான். முதலாளி முன்வரிசையில் இருக்கிறார். இத்தனை காலமும் சண்டையைத் தாங்கள் போட்டீர்கள், வெற்றியை நாங்கள் கொண்டாடினோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆகவே அவர் முன்னிலையிலேயே சொல்கிறோம்: அந்தச் செவிலியின் சம்மதமின்றி மாற்றப்பட்ட ஒரு பக்கத்தையும் அச்சுக் கோப்பவர் கோக்க மாட்டார், திருத்துபவர் திருத்த மாட்டார், அச்சிடுபவர் அச்சிட மாட்டார், தைப்பவர் தைக்க மாட்டார். வருவது வரட்டும்.

நலமும் நீள் ஆயுளும் பெற்று, நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய், பிடித்த நூலைப் பேனா இல்லாத கையோடு படித்துப் பல்லாண்டு வாழ்க!

அம்மா, அவள் திரும்பி வர மாட்டாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோப்பவர், திருத்துபவர், அச்சிடுபவர், தைப்பவர்
ஒருவர் விடாமல் கையொப்பமிட்டு