அப்படி ஒரு முகவரி இல்லை

காலையில் மெயிலைத் திறந்தால் குப்பையாகக் கொட்டிக் கிடப்பது யாருக்குத்தான் பிடிக்கும், சார்? சங்கரன்கோவிலில் எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. இல்லாத பெயர்களுக்கெல்லாம் கண்ட கண்ட மெயில் வரும். சர்வர் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு திணறும். முதலாளி கைலாசம் சார் சத்தம் போட்டார். அதனால் இங்கே உள்ள முகவரிகள் எவை என்று சர்வருக்குச் சொல்லிவைத்தேன். வேறு பெயருக்கு வந்தால் வாசலிலேயே ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திருப்பிவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காது. எல்லா இடத்திலும் செய்கிற நல்ல காரியம்தான்.

ஒரே ஒரு முகவரியைச் சேர்க்காமல் விட்டேன். மதுரை லேபிலிருந்து புற்றுநோய்க்கான சதைப் பரிசோதனை முடிவு வந்து சேருகிற எங்கள் முகவரி. எப்போதாவது ஒன்று வரும், அபிஷா பார்ப்பாள். எனக்கு வரவேண்டிய மேனேஜர் வேலை அவளுக்குப் போயிருந்தது. மறதி இல்லை சார், தெரிந்துதான் விட்டேன். ஒரு ரிப்போர்ட் தவறினால் அவள் பேர் கெடும், அவ்வளவுதான் நினைத்தேன். லேபில் மெயில் அனுப்புவதும் மெஷின்தான். திரும்பி வந்ததை அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் கழுத்தில் கட்டி. சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். கோளாறு இருந்தால் மட்டும் போன் செய்வது எங்கள் வழக்கம். முடிவு வந்தது, வந்த வழியே திரும்பியது. சர்வர் பதிவில் நானே பார்த்தேன். மனசு குறுகுறுத்தது. லேபுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். நல்ல முடிவாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு அவரே வந்தார். அபிஷா சாப்பிடப் போயிருந்தாள்.

“தம்பி, போன் ஒண்ணும் வரலியே. அப்ப நமக்கு ஒண்ணுமில்லதான?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போய்ச் சோலியப் பாருங்க.”

“நல்ல வார்த்தை சொன்ன மக்கா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். புற்று நுரையீரல்வரை போயிருந்தது. தை மாதம் அடக்கம் முடிந்தது. லேப் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விட்ட கவனக்குறைவு என்று அபிஷாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போது நான்தான் மேனேஜர்.

ரிப்போர்ட்டைத் திருப்பியது சர்வர் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் கழுத்தில் கட்டியோடு வந்து நின்ற மனுஷனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது நான். தெரிந்தே அனுப்பினேன், சார்.