ராகு காலத்தில் ஒரு ஃபீஜி வேலை

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை லோரியில் தொடங்கி இன்று ஆறு லோரிக்கு முதலாளி. வேலை கேட்டு யாருக்கும் விண்ணப்பம் போட்டதில்லை. போன வெள்ளிக்கிழமை ரவாங்கில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஓர் அக்காளும் தங்கையும் ஒரே கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“க்கா, ஃபீஜித் தீவு வேலைக்கு எந்த ஊரு ராகு காலம் பாக்கணும்?” என்றாள் தங்கை.

எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது.

“இன்னிக்கு நாலு மணி வரைக்கும் விண்ணப்பத்த அனுப்பலாம்னு சொன்னியே?”

“அது அவங்க ஊரு நாலு மணி. நமக்குப் பன்னெண்டு. இப்பதான் கவனிச்சேன். ராகு காலமும் பன்னெண்டுக்குத்தான் முடியுது.”

“அப்ப உடனே அமுக்கு லா.”

“ராகு காலத்துல எதையும் தொடாதன்னு அம்மா சொல்லியிருக்கு. ரெண்டு வருஷமா தேடி, அனைத்துலக நிறுவனத்துல எனக்குப் பொருந்துற வேலை இது ஒண்ணுதான் வந்திருக்கு. இதுவும் போச்சுன்னா?”

“வேலை அங்கதானே? அங்க இப்ப நாலாவப் போவுது. அவங்க ராகு காலம் எப்பவோ முடிஞ்சிருச்சி. அமுக்கு.”

தங்கை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு லோரிக்கு முதலாளியான நானே எட்டிப் பார்த்தேன்.

“போயிருச்சிக்கா.”

“அப்பாடா. அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லு.”

தங்கை கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“என்னன்னு சொல்றது? வேலை கோலாலம்பூர்லன்னுதான் அம்மா நெனச்சிக்கிட்டு இருக்கு.”