பதின்மூன்று தகடுகள் எங்கே என்று கேட்டவருக்கு

நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் கப்பல் பழுதுபார்ப்பு ஒப்பந்தப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களுக்கு, அவர்தம் பிரிவினர், கூட்ட அரங்கின் சாவி "தொலைந்துவிட்ட" காரணத்தால், பழைய சாமான் கிடங்கில், உணவு இடைவேளையில், நின்றபடியே வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கோப்பைக் குடையும் கூர்விழியே! குனிய மறுத்த கோலே! படிக்காமல் ஒரு பக்கத்தையும் புரட்டாத பண்பே! பெரிய மனிதர்கள் வரும்போது மரியாதையாக எழுந்து நின்று, அவர்கள் கேட்டதைத் தராமலே மரியாதையாக உட்கார்ந்த எங்கள் பெருமையே! வணக்கம்.

பணி நேரத்தில் பாராட்டு விழா கூடாது என்று நேற்று மாலை ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் கூடியிருக்கிறோம். அலுவலகத்தின் எந்த அறையிலும் கூடாது என்று இன்று காலை இன்னொன்று வந்தது. இந்தக் கிடங்குக்கு மூன்று பக்கம்தான் சுவர்; இதை அறை என்று சொல்பவர் வந்து சொல்லட்டும். பூமாலை வாங்கி வந்த பதிவறை எழுத்தரை வாயிற்காவலர் தடுத்து, "உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு உத்தரவு" என்றாராம். "சரி, நீங்களே கொண்டு வந்து போடுங்க" என்று எழுத்தர் சொல்ல, காவலர் ஒரு நிமிடம் யோசித்தாராம். இதோ, மாலையுடன் முதல் வரிசையில் நிற்பவர் அவர்தான்.

காலம் தவறாக் கண்ணியமே! ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியின் வாயை மூன்று மணிக்கு அரக்கு வைத்து மூடுவீர்கள். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வருபவரை நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியைக் கூட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவருடைய உறையை மட்டும் பிரிக்காமல் திருப்பிக் கொடுப்பீர்கள்.

"மேடம், வழியெல்லாம் டிராஃபிக் மேடம்!"

"தெரியுதுப்பா. அடுத்த தடவை நேத்தே கிளம்பு."

துறைமுகம் முழுக்கத் தங்களுக்கு 'மூணு மணி அம்மா' என்று பெயர் விழுந்தது இப்படித்தான். அந்தப் பெயரை வைத்தவர்கள் திட்டுவதற்காக வைத்தார்கள். நாங்கள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டோம்.

படத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்தவரே! புது இழுவைப் படகு கட்டும் ஒப்பந்தத்தில், படகின் முதுகெலும்பான அடித்தண்டு இட்டாயிற்று, முதல் கட்டச் சான்று தருக என்று கேட்டு ஒரு கட்டுமான நிறுவனம் புகைப்படம் அனுப்பியது. அதிகாரிகள் நால்வர் பார்த்து நன்று என்றார்கள். தாங்கள் பார்த்துவிட்டுப் பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னீர்கள். "இது போன வருஷம் வேற படகுக்குக் காட்டின அதே படம். அதே நாய் அதே இடத்துல படுத்திருக்கு பாருங்க." கட்டப்படும் கலத்தின் எண் எஃகில் பொறித்திருப்பதை நேரில் கண்ட பிறகே முதல் கட்டச் சான்று என்று விதி இருக்கிறது. விதியை எல்லோரும் படித்திருந்தார்கள். நாயைப் பார்த்தவர் தாங்கள் ஒருவரே.

இதெல்லாம் பிற மடல்களிலும் எழுதக்கூடிய புகழ்ச்சி. இனி வருவதை எழுத வேண்டாம் என்றுதான் மேல்மாடி அதிகாரிகள் எங்களுக்கு நான்கு பேர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். எழுதிவிட்டோம்.

எதிர்க்கரைக்கு நாள்தோறும் நடை ஒன்றுக்கு நானூறு பேரை ஏற்றிச் செல்லும் நம் பயணிகள் படகு சென்ற ஆண்டின் இறுதியில் பழுதுபார்க்க, நீரை இறைத்துக் காயவைத்த பள்ளமான உலர்துறைக்குள் நுழைந்தது. அடிப்பாகத்தில் துருவேறித் தேய்ந்த நாற்பத்திரண்டு தகடுகளை வெட்டி எடுத்துப் புதியன பொருத்த ஒப்பந்தம். வண்ணம் பூசுமுன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். வெட்டிய பழைய தகடுகளைத் துறையிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதன் பின்னரே வேலை முடிப்புச் சான்று. இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் அடுத்தடுத்த வரிகள். அளவுப் புத்தகம் வந்தது. நாற்பத்திரண்டும் மாற்றப்பட்டதாக அதில் கையெழுத்து இருந்தது. படகு புது வண்ணத்தில் பளபளத்தது.

தாங்கள் வண்ணத்தைப் பார்க்கவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உலர்துறையின் எழுபத்தாறு படிகளை வலது முழங்கால் வலியோடு இறங்கி, பழைய இரும்புக் குவியலுக்குப் போய், ஒவ்வொன்றாகச் சாக்கட்டியால் எண் போட்டீர்கள். இருபத்தொன்பதோடு குவியல் முடிந்தது.

"மீதி பதிமூணு எங்கே?"

எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பதால் 'சிரிப்புக்காரர்' என்று எல்லோரும் அழைக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் அப்போதும் சிரித்தார். "வெட்டறப்ப கடல்ல விழுந்துடுச்சு மேடம்."

"உலர்துறையில ஏதுப்பா கடல்?"

அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. "பதின்மூன்று பழைய தகடுகள் காட்டப்படவில்லை. ஆகவே சான்று இல்லை" என்று கோப்பில் இரண்டே வரி எழுதிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்தீர்கள்.

அஞ்சாமையின் அணிகலனே! மறுநாள் துணை இயக்குநர் தங்களை அழைத்தார். அவர் அறைக் கதவு திறந்திருந்தது. எங்கள் காதுகளும் திறந்திருந்தன.

"என்னம்மா இது, படகு விடற தேதி அறிவிச்சாச்சு. ஒரு கையெழுத்துதானே?"

"என்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான் சார். அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

"பதிமூணு இரும்புத் துண்டுக்காகவா இவ்ளோ?"

"துண்டு பதிமூணுதான் சார். ஆள் நானூறு."

அந்த வாரமே குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. முறைப்படி அளந்து கையெழுத்திட்ட அளவைக் காரணமின்றி ஐயுற்று, மக்கள் சேவையைத் தாமதப்படுத்தினார் என்பது குற்றம். வரும் வியாழக்கிழமை விசாரணை. அது முடியும் வரை தங்களுக்கு முழு ஓய்வூதியம் கிடையாது, பணிப்பதிவேட்டில் கறை. பதினொரு வாரமாகப் படகு உலர்துறையிலேயே நிற்கிறது. இன்றோடு தாங்கள் போகிறீர்கள், நாளை அந்த நாற்காலிக்கு ஆள் மாறுகிறது, மாறிய மறு மணி கையெழுத்து விழும், வெள்ளிக்கிழமை படகு நானூறு பேருடன் நீரில் இறங்கும் என்று மேல்மாடியில் இனிப்பு சொல்லி வைத்திருக்கிறார்கள்.

குறிப்பாணை வந்த அன்று தாங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியதையும் கேட்டோம். மன்னியுங்கள், நம் பிரிவில் தடுப்பு வெறும் அட்டைதான். "பென்ஷன் தொங்கும் போல இருக்குங்க" என்றீர்கள். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தங்கள் கணவருக்கு மைதானத்துக் குரல். அவர் சொன்னது கருவியைத் தாண்டி எங்களுக்கும் வந்தது: "தொங்கட்டும்மா. கொடியில துணியும்தான் தொங்குது, காயாமயா போகுது? சீக்கிரம் வா, தோசைக்கல்லு காயுது." ஐயா, அதோ அந்தக் குழாய் அடுக்கின் மேல் அமர்ந்திருக்கும் தங்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

இவ்வளவு நேரம் இந்த மடல் 'நாங்கள்' என்று பேசியது. இதற்கு மேல் 'நான்' என்று வாசிக்கும்படி பிரிவினர் சொல்லியிருக்கிறார்கள். ஏனெனில் அளவுப் புத்தகத்தில் இருக்கும் அந்தக் கையெழுத்து, இதை வாசித்துக்கொண்டிருக்கும் கடல்சார் மேற்பார்வையாளனாகிய என்னுடையது.

அம்மா, நான் அளக்கவில்லை. படகின் அடியறைக்குள் அன்று அடுப்புச் சூடு. "உள்ள ஏன் சார் வேகறீங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்கு" என்று சிரிப்புக்காரர் என்னைக் குளிரூட்டிய அறைக்கு அழைத்துப் போனார். வண்ணம் பூசி முடித்திருந்தார்கள். பூசிவிட்டால் புதுத் தகடும் பழைய தகடும் ஒரே முகம். கையெழுத்து வேண்டிய பக்கங்களில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்த இடங்களில் எல்லாம் போட்டேன். இந்தத் துறையில் மேற்பார்வையாளர் பலரும் செய்வதுதான். பலரும் செய்கிறார்கள் என்பது என்னைக் காப்பாற்றும் என்றும் நினைத்தேன்.

குவியலை எண்ணிவிட்டு வந்த அன்று தாங்கள் அந்தப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தீர்கள்.

"தம்பி, இது நீங்க உள்ள இறங்கிப் பார்த்துப் போட்டதா?"

"ஆமா மேடம்."

என் முகத்தைப் பார்த்தீர்கள். புத்தகத்தை மூடினீர்கள். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. குறிப்பாணைக்குத் தாங்கள் எழுதிய பதிலை நான்தான் தட்டச்சுக்கு எடுத்துப் போனேன். மூன்று முறை படித்தேன். மேற்பார்வையாளர் அளக்காமல் கையெழுத்திட்டார் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் பழி என் பக்கம் சாய்ந்திருக்கும், தாங்கள் தப்பித்திருப்பீர்கள். அந்த வரி இல்லை. நிரூபிக்க முடியாததை எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அது என் மேல் வைத்த கருணை என்று நினைத்து நான் ஏமாறவில்லை. உண்மையைச் சொல்வது என் முறை என்று விட்டுவைத்த இடம் அது.

சான்று தரும்வரை எத்தனை முறையும் மறு அளவு எடுக்க மேற்பார்வையாளருக்கு உரிமை உண்டு என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. சென்ற திங்கட்கிழமை, பதிவறை எழுத்தரையும் தட்டச்சர் அக்காவையும் சாட்சியாக அழைத்துக்கொண்டு அடியறைக்குள் இறங்கினேன். அக்கா டார்ச் பிடித்தார். "இந்தப் புடவை இதோட சரி" என்று மட்டும் சொன்னார். கனம் பார்க்கும் கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்தோம். இருபத்தொன்பதில் எட்டு மில்லிமீட்டர், ஒப்பந்தப்படி. பதின்மூன்றில் நாலரை, நாலு, மூன்று. ஒன்றில் வண்ணத்தைச் சுரண்டச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். சுத்தியல் வெளியே போய்விட்டது. அந்த ஓட்டை வழியாக உலர்துறைத் தரை தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். "அவங்களுக்கு மிச்சம் கொஞ்ச மாசம்தான் இருந்துச்சு. உங்களுக்குப் பத்தொன்பது வருஷம் இருக்கு. யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி. யோசித்தேன் என்றேன். "அப்ப அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஆகவே, கூடியிருக்கும் அனைவர் முன்னிலையிலும், அதோ தூணுக்குப் பின்னால் நின்று குறிப்பெடுக்கும் மேல்மாடி அன்பர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்த அளவுப் புத்தகத்தில் நான் இட்ட கையெழுத்தை இன்று திரும்பப் பெறுகிறேன். மறு அளவுத் தாள்கள் மூன்று பிரதிகளாக, எங்கள் மூவரின் கையொப்பத்துடன், இன்று காலை பத்தே கால் மணிக்கு வரவுப் பதிவேட்டில் ஏறி, எண்ணும் வாங்கிவிட்டன. ஒன்று விசாரணை அதிகாரிக்கு. ஒன்று இயக்குநருக்கு. ஒன்று இந்த மடலின் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள். தங்கள் மீதான குறிப்பாணை நின்றது என் கையெழுத்தின் மேல். அது இனி அங்கே இல்லை. எனக்குக் குறிப்பாணை வரும். வரட்டும். அன்பரே, 'வரட்டும்' என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீண்டும் 'நாங்கள்'.

மாண்பின் மறுபெயரே! தங்களைத் தாமதத்தின் காரணம் என்று எழுதி, கீழே கோடு போட்டு, கையொப்பத்துக்காக எங்கள் பிரிவுக்கு அனுப்பப்பட்ட வாக்குமூலத் தாள்கள் பதினொன்றும் கோடு காலியாகவே திரும்பிப் போய்விட்டன. வியாழக்கிழமை விசாரணைக்குப் பதினொரு பேரும் வருகிறோம். விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்று. விடுப்பு மறுக்கப்பட்டால் பதினொரு பேருக்கும் அன்று வயிற்று வலி.

தங்கள் முழங்கால் வலி தீரட்டும். காலை பத்து மணிக்குத் தங்களை யாரும் தேடாத சுகம் கிடைக்கட்டும். ஐயாவின் தோசைக்கல் தங்களுக்காக நூறாண்டு சூடாக இருக்கட்டும். முழு ஓய்வூதிய ஆணையில் கையெழுத்திடும்போது துணை இயக்குநரின் பேனாவில் மை நிற்காமல் வரட்டும். தங்கள் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் எந்தப் படகில் ஏறினாலும் உலர்ந்த காலோடு இறங்கட்டும்.

தலை நிமிர்ந்து சென்று வாருங்கள். வாசல் வரை நாங்களும் வருகிறோம். மேல்மாடி சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும் பக்கமாகவே போவோம்.

என்றும் தங்கள் பிரிவினர்,

கடல்சார் மேற்பார்வையாளர்
பதிவறை எழுத்தர்
தட்டச்சர்
வரைவாளர்
உதவியாளர்கள் நால்வர்
கிடங்குக் காப்பாளர்
ஓட்டுநர்

மற்றும், நாளை முதல் தங்கள் நாற்காலியில் அமரவிருக்கும் உதவிக் கண்காணிப்பாளர். கையெழுத்தின் கீழே அவர் தம் கைப்பட எழுதியிருப்பது:

"ஒப்பந்தக்காரர் கவனத்துக்கு. நாளைக் காலை பத்து மணிக்கு உலர்துறைக்கு வருகிறேன். பதின்மூன்றையும் வெட்டி வெளியே வைக்கவும்."