முகத்துக்கு நேராகச் சொல்லச் சொன்னவன் நான்

மாண்பும் மதிப்பும் மிக்க அவைத் தலைவர் அவர்களே! வீரசோழனிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஜமாஅத்துப் பெரியவர்களே! கடையடைத்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! எல்லோருக்கும் மேலாக, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! திருச்சுழி விதைக்கடை நவநீதகிருஷ்ணனின் பணிவான வணக்கம்.

பாளையம்பட்டிக் குழந்தைகள் துணை மையத்தின் நான்காம் ஆண்டு விழாவில் பாராட்டிப் பேச என்னை அழைத்தார்கள். பாராட்டும் தகுதி எனக்கு உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் தன்னிடம் தவறாக நடந்தான் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் வந்தார். ஏன் என்னிடம்? கண்மாய்த் தகராறா, வரப்புத் தகராறா, எதையும் பேசி முடிக்கிறவன் நான்! போலீசுக்குப் போனால் பிள்ளையின் பெயர் கெடும் என்று என் கடை மாடியில் ஏழு பேர் கூடினோம்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டல்லவா? யார் மீது குற்றம் சொன்னாலும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொன்னால் உண்மை, சொல்லாவிட்டால் பொய். மாடு திருட்டுக்கும் அதே நியாயம். ஒன்பது வயதுக்கும் அதே நியாயம்! வேன்காரனை நாற்காலியில் உட்கார வைத்தோம். பிள்ளையை நடுவில் நிற்க வைத்தோம். நான்தான் கேட்டேன்.

"பயப்படாத தாயி. அந்தா இருக்காருல்ல மாமா, அவுக மொகத்தப் பாத்துச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

மாமா என்றேன்! அவனைப் போய் மாமா என்றேன்!

அதற்குள் ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்லிவிட்டிருந்தாள். அது ஆறாவது முறை. அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்து, "ஒண்ணும் நடக்கல தாத்தா" என்றாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டோம். "சின்னப் புள்ள, ஏதாச்சும் கெனாக் கண்டிருக்கும்" என்றார் ஒருவர். சிரித்தோம். ஆமாம் தாயே, சிரித்தோம். நீங்கள் வாயைப் பொத்துவது இங்கிருந்தே தெரிகிறது. டீ வரவழைத்துக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இரண்டு ஆண்டுகள் போயின. ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்திறங்கி, அங்கன்வாடி ஆசிரியை தங்கச்செல்வியைத் தேடி அதே பிள்ளை போனாள். கையில் ஆறு வயதுத் தங்கை. அந்தச் சிறியவளையும் அதே வேனில் அனுப்பியிருந்தார் அப்பா. யாரை நம்பி அனுப்பினார்? என்னை நம்பி! என் தீர்ப்பை நம்பி! தங்கச்செல்வியிடம் அக்காள் சொன்னது இது.

"டீச்சர், எந் தங்கச்சிக்கும் அதேதான். எங்கிட்டக் கேட்ட மாதிரி இவகிட்டக் கேக்காதீக."

தங்கச்செல்வி கடைக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது விதை அளந்துகொண்டிருந்த படி நழுவிக் கீழே விழுந்தது. விதையெல்லாம் சிதறிற்று. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை?

அந்த வாரமே, தங்கச்செல்வி கேட்டதும், வீரசோழன் சைதுன் பீவி அம்மா, மகன் துபாயில் உழைத்துக் கட்டிய பாளையம்பட்டி வீட்டின் சாவியைத் தந்தார். "மவன் வந்தா மாடியில இருந்துக்கிருவான். கீழ்வீடு புள்ளைகளுக்குத்தான்" என்றார். இந்த மையம் அப்படித்தான் தொடங்கியது: ஓர் அறை, ஒரு பாய், யார் கண்ணிலும் படாத ஒரு பக்கவாசல். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண்மணி மட்டுமே கேட்பார். பிள்ளை ஒரே முறை சொன்னால் போதும். போலீசும் மருத்துவரும் வக்கீலும் பிள்ளையைத் தேடி அங்கே வருவார்கள். தங்கை ஒரே முறை சொன்னாள். வேன்காரன் இன்று சிறையில் இருக்கிறான்.

முதலாண்டில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். இந்த ஆண்டு அறுபத்து நான்கு பிள்ளைகள். கை தட்டாதீர்கள் ஐயா, கை தட்டாதீர்கள்! வளர்ந்தது மையமா, கொடுமையா? அல்லது இத்தனை காலம் நாம் பேசி முடித்தவையெல்லாம் இப்போதுதான் வாய் திறக்கின்றனவா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுக் காலை எனக்கொரு போன் வந்தது. "அண்ணாச்சி, சின்ன விசயந்தான். ஒரு புள்ள என்னமோ சொல்லுது. வந்து பேசி முடிச்சு விட்டுருங்க." எந்தப் பிள்ளை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். எண்ணை அப்போதே தங்கச்செல்வியிடமும் போலீசிடமும் கொடுத்துவிட்டேன்.

போனில் பேசியவரே, ஒரு மணி நேரத்துக்கு முன் இந்தப் பந்தல் வாசலில் என் கையைப் பிடித்து வணக்கம் சொன்னீர்கள். உங்கள் குரலை நான் கண்டுகொண்டேன்.

உட்காருங்கள், எல்லோரும் உட்காருங்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தங்கச்செல்வியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் உங்கள் வீட்டுக்கு நாங்கள் வருவோம். ஆனால் அந்தப் பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், தன் பக்கம் ஒருவராவது இருக்கிறார் என்று தெம்பாக இருக்குமே ஐயா!

மேடை மரபுப்படி நான் இப்போது நன்றி சொல்லி முடிக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை பக்கவாசல் வழியே உள்ளே வந்த பிறகு, உங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போதைக்கு வணக்கம். நான் மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.