தோத்தவன் மடை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் கம்மாக்கரையில ஒத்தப் பனைகூட முளைக்காத காலம்னு வச்சுக்குங்க, நம்ம செம்பொறைப்பட்டியில சடையாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். வாட்டசாட்டமான ஆளு. கோவம் மூக்கு நுனியிலேயே உக்காந்திருக்கும். ஆனா நெல்லு வெளைய வைக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாதாம்.

அப்ப ஊர்ல நீர்க்கட்டின்னு ஒரு பொறுப்பு. கம்மாத் தண்ணியை எந்த வயலுக்கு எப்ப விடுறது, எம்புட்டு விடுறதுன்னு பார்க்கிற ஆளு. வருசா வருசம் ஊரே கூடித் தேர்ந்தெடுக்குமாம். எப்படி? ரெண்டு பானை. வாயில துணி, துணியில கை நுழையுற அளவுக்கு ஓட்டை. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. ரெண்டு பானைக்குள்ளயும் கையை விட்டு எடுக்கணும், எதுல போட்டோம்னு எவனுக்கும் தெரியாது. எண்ணி முடிச்சதும் கொட்டையெல்லாத்தையும் கம்மாயில வீசிருவாகளாம்.

அந்த வருசம் சடையாண்டி நிக்கிறார். எதுத்து நின்னது யாரு? ஒச்சம்மா. அவ புருசன்தான் முந்தி நீர்க்கட்டி. அவன் சாகுற வரைக்கும் படுக்கையில கிடந்த ரெண்டு வருசமும் மம்பட்டியைத் தூக்கிட்டு மடைக்குப் போனது இவ. "என்ன இருந்தாலும் பொம்பள. பத்துக் கொட்டை விழுந்தாப் பெருசு"ன்னு சடையாண்டி சிரிச்சாராம்.

எண்ணுறதுக்கு ஆளுக்கு ஒருத்தரை வச்சுக்கலாம். சடையாண்டி பானையை அவரு பொண்டாட்டியோட அண்ணன் வீரணன் எண்ணினான். அவன் மேக்க மலையடிவாரத்து ஊர்க்காரன், தங்கச்சி வீட்டோட வந்து தங்கிட்டவன். களத்துல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னா சொல்லுவோம்? லாபம்னுதானே ஆரம்பிப்போம்? அதே மாதிரி "லாபம், ரெண்டு, மூணு"ன்னு ராகம் போட்டு எண்ணினானாம். அறுபது. ஒச்சம்மா பானையையும் அவ ஆளு லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணினான். அறுபத்திரெண்டு.

ஒச்சம்மா செயிச்சுட்டா. கொட்டையும் கம்மாயில போயிருச்சு. அப்பத்தான் ஒருத்தன் விரலை மடக்கிக் கூட்டுறான். "அறுபதும் அறுபத்திரெண்டும் நூத்திருபத்திரெண்டு. ஊர்ல வீடு நூத்திருபத்தொண்ணுதானேப்பா?"

போதாதா? தெருவெல்லாம் ஒரே பேச்சு. "செத்தவன் வீட்டுக்கும் ஒரு கொட்டை விழுந்திருக்கு"ங்கிறான் ஒருத்தன். "முந்தானையில முடிஞ்சுட்டு வந்தா, கண்ணால பார்த்தேன்"ங்கிறான் இன்னொருத்தன். அவன் அன்னைக்கு ஊர்லயே இல்லையாம்! "பானைக்குள்ள இன்னொரு கள்ள அடி இருக்கு"ன்னு ஒரு கூட்டம். பானை வனைஞ்சவரு அதைக் கொண்டாந்து நடுத்தெருவுல போட்டு உடைச்சார். ஒரே அடிதான். மறுநாள் என்ன சொன்னாக தெரியுமா? "அது வேற பானை!"

"ஒண்ணைக் கழிச்சாலும் அவதானே செயிக்கிறா?"ன்னு கேட்டவுகளும் உண்டு. சடையாண்டி விடலை. "தெரிஞ்சது ஒண்ணு. தெரியாம எத்தனையோ? மறுபடி பானை வைக்கணும். அதுவரைக்கும் மடை திறக்கக் கூடாது"ன்னு ஆளுகளைக் கூட்டிட்டுப் போய் மடை மேலயே உக்காந்துட்டார்.

ஒச்சம்மா கரைக்கு வந்தா. "கொழுந்தனாரே, கம்மா நிறையத் தண்ணி கிடக்கு, கீழ நாத்து கருகுது. நான் திருடலை. இதை எத்தனை தடவை சொல்றது?"

"திருடிச் செயிச்சவ கையால விட்ட தண்ணி என் வயலுக்கு வேணாம்"னாராம் இவரு. அவ திரும்பி வீட்டுக்குப் போயிட்டா. பாவம், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பதினெட்டு நாளு. நாத்தங்கால் பூராவும் கருகிப்போச்சு. சடையாண்டி நாத்தங்காலும்தான், கோவத்துக்குப் பயந்து பயிர் பிழைக்குமா? வீட்டுத் தானியக் குலுக்கையில இருந்த விதைநெல்லை எடுத்து மறுபடி விதைச்சாத்தான் உண்டு. அதுவும் போச்சுன்னா அந்த வருசம் ஊர்ல சோறு கிடையாது.

"அண்ணே, ஏழு மரக்கா அளந்து போடு"ன்னு பொண்டாட்டிக்காரி சாக்கை விரிச்சா. வீரணன் வெறும் மரக்காலை மேல தூக்கிக் கும்பிட்டு "லாபம்"னான். அப்புறம் ஒரு மரக்கா அள்ளிப் போட்டு "ரெண்டு"ன்னான். "மூணு, நாலு"ன்னு ஏழுல நிறுத்தினான்.

"அண்ணே, இது ஆறுதானே?"

"லாபம் சாமிக்குத் தாயி. வெறும் மரக்காலாத்தான் அளக்கணும். எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான்."

வாசல்ல நின்ன சடையாண்டி விறுவிறுன்னு உள்ள வந்தார். "மச்சான், அன்னைக்கு என் பானையையும் இப்படித்தான் எண்ணுனியா?"

"பின்னே? வெறுங்கையைத் தூக்கி லாபம்னு சொல்லிட்டுத்தான் கொட்டையைத் தொட்டேன்."

அப்படின்னா அறுபதுன்னு சொன்னது அம்பத்தொன்பது. ஊரே தேடின அந்தக் கூடுதல் கொட்டை எங்க இருந்துச்சு? இவரு பானையில! அதுவும் இல்லாத கொட்டை. வீரணனுக்கு வேர்த்துப்போச்சு. "மாப்ள, நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கிட்டா முடிஞ்சுது."

சடையாண்டி குலுக்கையைப் பார்த்தார். பொண்டாட்டியைப் பார்த்தார். அவ அவரு மேல வச்ச கண்ணை எடுக்கலையாம். துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, மச்சான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு, நேரா கம்மாக்கரைக்கு நடந்தார்.

ஊரைக் கூட்டிச் சொன்னார்: "நான் ரெண்டு கொட்டையில தோக்கலை. மூணு கொட்டையில தோத்தேன்."

அவரு ஆளுகளே கத்துறாக. "விலை போயிட்டியா சடையாண்டி?"ங்கிறாக. அவரு குனிஞ்சார். பத்துக் கல்லைப் பொறுக்கி எல்லாருக்கும் தெரியுற மாதிரி கரையில வரிசையா வச்சார். "எண்ணு மச்சான்." வீரணன் வெறுங்கையைத் தூக்கி "லாபம்"னான். முதல் கல்லைத் தொட்டு "ரெண்டு"ன்னான். கடைசிக் கல்லுக்கு வரும்போது "பதினொண்ணு"ன்னான்!

எவனோ ஒருத்தன் களுக்குனு சிரிச்சான். அப்புறம் கரையே சிரிச்சுதாம். பதினெட்டு நாளா முகத்தைத் திருப்பிட்டுப் போனவனெல்லாம் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாய்ஞ்சு சிரிக்கிறான். வீரணனும் சேர்ந்து சிரிச்சுட்டான், பாவம்.

சடையாண்டி மட்டும் சிரிக்கலை. ஒச்சம்மா முன்னால போய் நின்னார். "மதினி, உங்களைத் திருடின்னு சொன்னது இந்த வாய்தான். தப்பு என்னுது. மடை உங்களுது, வந்து திறங்க."

ஒச்சம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "நீங்க திறங்க கொழுந்தனாரே. நான் திறந்தா இன்னமும் நாலு பேரு முணுமுணுப்பாக. தோத்த கை திறந்தாத்தான் ஊரு நம்பும்."

அம்புட்டுப் பெரிய ஆளு, இடுப்பளவு தண்ணியில இறங்கி அடைப்பை உருவினார். தண்ணி வாய்க்காலுக்குள்ள பாய்ஞ்சுது. மறுபடி விதைச்சாக. பிந்தின வெள்ளாமைதான், ஆனா வெளைஞ்சுது.

அன்னையில இருந்து இந்த மடைக்குத் தோத்தவன் மடைன்னு பேரு. பானை போய்ப் பெட்டி வந்துச்சு, பெட்டி போய் மிஷினும் வந்திருச்சு. நம்ம ஊரு வழக்கம் மட்டும் மாறலை. எண்ணுறப்ப நெல்லுக்கு லாபம், ஓட்டுக்கு ஒண்ணு. எந்தத் தேர்தலா இருந்தாலும் தோத்தவுகதான் அந்த வருசத்து முதத் தண்ணிக்கு மடை திறக்கணும்.

இந்தத் தடவை பதினோரு ஓட்டுல தோத்தவரு மூணு நாளா வீட்டை விட்டு வெளிய வரலையே, வருவாரா மாட்டாரான்னுதானே எல்லாரும் இங்க நிக்கிறோம்? அந்தா பாருங்க, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வர்றார். ஒதுங்குங்கப்பா, அவருக்கு வழி விடுங்க.